டேவிட் கில்மோரின் பொம்பெயி இசைநிகழ்ச்சி (2016)

டேவிட் கில்மோரின் பொம்பெயி இசைநிகழ்ச்சி என்பது, பிங்க் ஃபிளாய்ட் குழுவின் கிதார் கலைஞரும் பாடகருமான டேவிட் கில்மோர் 2016 ஜூலை 7, 8 ஆகிய இரு இரவுகளில் இத்தாலியின் பொம்பெயி தொல்நகரில் உள்ள உரோமானிய வட்டரங்கில் நடத்திய நிகழ்ச்சியைக் குறிக்கும். இதே அரங்கில் 1971-ஆம் ஆண்டு பிங்க் ஃபிளாய்ட் குழு பார்வையாளர் எவருமின்றி இசைத்து ஒரு படத்தைப் பதிவு செய்திருந்தது. 45 ஆண்டுகளுக்குப் பின் அந்த நால்வரில் ஒருவர் மட்டும் அங்கே திரும்பி வந்து, இம்முறை மக்கள் முன்னிலையில் வாசித்தார். கி.பி. 79-இல் வெசுவியசு எரிமலை நகரை மூடியதற்குப் பின் அந்த அரங்கில் பொதுமக்கள் கூடிக் கண்ட முதல் ராக் நிகழ்ச்சி இதுவே. ஒவ்வோர் இரவும் சுமார் 2,600 பேர் அரங்கத் தரையில் நின்று கேட்டனர்.

1971-இல் மேடையில் நால்வர் இருந்தனர். பார்வையாளர் இடம் வெறுமையாக இருந்தது. 2016-இல் பார்வையாளர் இடம் நிறைந்திருந்தது. மேடையில் அந்த நால்வரில் கில்மோர் மட்டுமே இருந்தார். நிகழ்ச்சியில் எந்தப் பாடல்கள் இடம்பெற்றன, எது இடம்பெறவில்லை என்பதைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு உதவுகிறது.

வட்டரங்கு

பொம்பெயி வட்டரங்கு கி.மு. 70-ஆம் ஆண்டளவில் கட்டப்பட்டது. கல்லால் கட்டப்பட்ட உரோமானிய வட்டரங்குகளில் இன்றுவரை எஞ்சியிருப்பவற்றுள் இதுவே மிகப் பழமையானது. உரோமின் புகழ்பெற்ற கொலோசியம் இதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பிற்பட்டது. வழக்கில் வட்டரங்கு என்று சொல்லப்பட்டாலும் இதன் வடிவம் நீள்வட்டம். வெளிப்புற அளவு ஏறத்தாழ 135 மீட்டர் நீளமும் 104 மீட்டர் அகலமும் ஆகும். நடுவில் உள்ள தரை ஏறத்தாழ 66 மீட்டர் நீளமும் 35 மீட்டர் அகலமும் கொண்டது.

இந்த அரங்கு நிலமட்டத்துக்கு மேலே எழுப்பப்பட்டதன்று. நிலத்தைத் தோண்டிப் பள்ளமாக்கி, தோண்டிய மண்ணைச் சுற்றிலும் கரையாகக் குவித்து, அதன்மேல் படிக்கட்டு இருக்கைகளை அமைத்தனர். ஆகவே தரையில் நிற்பவர் ஒரு பெரிய கிண்ணத்தின் அடியில் நிற்பவர் போலாகிறார். நான்கு பக்கமும் சரிவான படிகளும் மேலே திறந்த வானமும் மட்டுமே அவர் கண்ணில் படும். அந்தக் காலத்தில் இங்கு சுமார் 20,000 பேர் அமர்ந்து வாள்வீரர்களின் சண்டைகளைக் கண்டனர்.

அரங்கின் வரலாற்றில் ஒரு கலவரமும் உண்டு. கி.பி. 59-இல் நடந்த ஒரு வாள்வீரர் போட்டியின்போது பொம்பெயி மக்களுக்கும் அண்டை நகரான நுசேரியாவிலிருந்து வந்தவர்களுக்கும் இடையே வாய்ச்சண்டை மூண்டது. அது கல்லெறியாகவும் பின்னர் ஆயுதச் சண்டையாகவும் மாறிப் பலர் உயிரிழந்தனர். இதை உரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதி வைத்துள்ளார். உரோம ஆட்சி மன்றம் பொம்பெயியில் இத்தகைய கூட்டங்களைப் பத்து ஆண்டுகளுக்குத் தடை செய்தது. கலவரத்தைக் காட்டும் சுவரோவியம் ஒன்று பொம்பெயியில் கிடைத்து, இப்போது நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் உள்ளது. பொம்பெயி தொல்லியல் களம் 1997-இல் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

1971: பார்வையாளர் இல்லாத நிகழ்ச்சி

1971-இல் பிங்க் ஃபிளாய்ட் குழுவில் நான்கு பேர் இருந்தனர்: கிதார் வாசித்த டேவிட் கில்மோர், பேஸ் கிதார் வாசித்த ரோஜர் வாட்டர்ஸ், விசைப்பலகை வாசித்த ரிச்சர்ட் ரைட், டிரம்ஸ் வாசித்த நிக் மேசன். குழுவைத் தொடங்கியவர்களுள் ஒருவரான சிட் பாரெட் உளநலச் சிக்கல்களால் 1968-இல் விலகியிருந்தார். அவரோடு கேம்பிரிட்ஜ் நகரில் வளர்ந்த நண்பரான கில்மோர், அதற்குச் சற்று முன்பே குழுவில் சேர்க்கப்பட்டிருந்தார்.

இயக்குநர் ஏட்ரியன் மேபன் இக்குழுவைப் பற்றி ஒரு படம் எடுக்க விரும்பினார். இத்தாலியில் விடுமுறையில் இருந்தபோது பொம்பெயியைச் சுற்றிப் பார்த்த அவர் தம் கடவுச்சீட்டைத் தொலைத்துவிட்டார். அதைத் தேடி மாலையில் வட்டரங்குக்குத் திரும்பியபோது அங்கிருந்த அமைதி அவரை ஈர்த்தது. அந்த இடத்திலேயே படம் எடுக்கலாம் என்ற எண்ணம் அப்போது பிறந்ததாக அவர் பின்னர் கூறியுள்ளார். வுட்ஸ்டாக் விழாப் படம் போன்ற அக்கால இசைப்படங்கள், திரண்ட கூட்டத்தையும் அதன் ஆரவாரத்தையும் பெரிதாகக் காட்டின. மேபன் அதற்கு நேர்மாறாக, ஒருவர்கூட இல்லாத அரங்கில் ஒரு ராக் குழு இசைப்பதைக் காட்ட முடிவு செய்தார்.

1971 அக்டோபர் தொடக்கத்தில் படப்பிடிப்பு நடந்தது. முன்பே பதிவான இசைக்கு வாயசைக்கக் குழுவினர் ஒப்பவில்லை. உண்மையாகவே வாசிக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தனர். எனவே அவர்கள் மேடையில் பயன்படுத்தும் கருவிகள் அனைத்தும் லண்டனிலிருந்து சரக்குந்தில் வந்தன. அரங்கில் போதுமான மின்சாரம் இல்லாததால், நகரத்திலிருந்து நீண்ட மின்கம்பியை இழுத்துவர வேண்டியிருந்தது. இதனால் சில நாட்கள் வீணாயின. படக்குழுவினரையும் எப்படியோ உள்ளே வந்துவிட்ட சில உள்ளூர்ச் சிறுவர்களையும் தவிர அங்கே கேட்பவர் யாருமில்லை.

பொம்பெயியில் மூன்று படைப்புகள் பதிவாயின: "எக்கோஸ்", "எ சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்", "ஒன் ஆஃப் தீஸ் டேஸ்". மற்றவை அவ்வாண்டின் இறுதியில் பாரிசில் உள்ள ஒரு படப்பிடிப்பு அரங்கில் பதிவாயின. "எக்கோஸ்" ஏறத்தாழ 23 நிமிடம் நீளும் படைப்பு. அதை இரண்டாகப் பிரித்துப் படத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் வைத்தனர். அது இடம்பெற்ற "மெடில்" இசைத்தொகுப்பு அப்போது இன்னும் வெளிவரவில்லை. 1972-இல் முதன்முதலாகத் திரையிடப்பட்ட இந்தப் படத்தில், வெயிலில் சட்டையின்றி நீண்ட முடியுடன் கிதார் வாசிக்கும் 25 வயது கில்மோரைக் காணலாம்.

இடைப்பட்ட 45 ஆண்டுகள்

படத்துக்குப் பின் வந்த "த டார்க் சைட் ஆஃப் த மூன்" (1973), "விஷ் யூ வேர் ஹியர்" (1975), "த வால்" (1979) ஆகிய தொகுப்புகள் குழுவை உலகப் புகழுக்குக் கொண்டு சென்றன. 1985-இல் வாட்டர்ஸ் விலகினார். கில்மோரின் தலைமையில் குழு தொடர்ந்தது. நால்வரும் கடைசியாக ஒரே மேடையில் தோன்றியது 2005 ஜூலை 2 அன்று லண்டன் ஹைட் பூங்காவில் நடந்த "லைவ் 8" நிகழ்ச்சியில்தான்.

சிட் பாரெட் 2006 ஜூலை 7 அன்று காலமானார். அதே ஆண்டு கில்மோர் மேற்கொண்ட தனிச் சுற்றுப்பயணத்தில் ரிச்சர்ட் ரைட்டும் உடன் வாசித்தார். அதில் "எக்கோஸ்" இடம்பெற்றது. அந்தப் பயணம் 2006 ஆகஸ்டில் போலந்தின் கிடான்ஸ்க் நகரில் நிறைவுற்றது. ரைட் 2008 செப்டம்பர் 15 அன்று புற்றுநோயால் இறந்தார். கிடான்ஸ்க் நிகழ்ச்சியின் பதிவு அதே மாதம் வெளிவந்தது.

ரைட் விட்டுச்சென்ற பதிவுகளைக் கொண்டு கில்மோரும் மேசனும் 2014-இல் "தி எண்ட்லெஸ் ரிவர்" தொகுப்பை வெளியிட்டனர். அதுவே பிங்க் ஃபிளாய்டின் கடைசித் தொகுப்பு என்று கில்மோர் அறிவித்தார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் "ராட்டில் தட் லாக்" என்னும் அவரது தனித்தொகுப்பு வந்தது. அதன் தலைப்புப் பாடல், பிரெஞ்சுத் தொடர்வண்டி நிலையங்களில் அறிவிப்புக்கு முன் ஒலிக்கும் நான்கு சுரங்களை வைத்து எழுந்தது. கில்மோர் அந்த ஒலியை நிலையம் ஒன்றில் தம் கைப்பேசியில் பதிவு செய்திருந்தார்.

இத்தொகுப்பை ஒட்டிய சுற்றுப்பயணத்தில் பழங்கால அரங்குகளுக்குத் தனி இடம் இருந்தது. குரோவாசியாவின் பூலா, இத்தாலியின் வெரோனா, பிரான்சின் ஒராஞ்ச், நீம் ஆகிய ஊர்களில் உள்ள உரோமானிய அரங்குகளிலும், உரோமின் சிர்கோ மாசிமோ என்னும் பழைய தேரோட்டக் களத்திலும் அவர் வாசித்தார். இந்த வரிசையில்தான் பொம்பெயியும் வந்தது.

அரங்கில் பார்வையாளர்

பண்டைக்காலத்தில் பார்வையாளர் படிகளில் அமர்ந்தனர். நடுத்தரையில் வாள்வீரர்கள் மோதினர். 2016-இல் இந்த ஏற்பாடு தலைகீழானது. நீள்வட்டத்தின் ஒரு முனையில் மேடை அமைந்தது. பார்வையாளர்கள் வாள்வீரர்கள் நின்ற அதே தரையில் நின்றனர். ஒரு காலத்தில் 20,000 பேர் கூடிய இடத்தில் 2,600 பேருக்கு மட்டுமே இடம் கிடைத்ததற்கு இதுவே காரணம். பழைய படிவரிசைகளில் பல இடங்கள் இன்று புல் படர்ந்த சரிவுகளாகவே உள்ளன.

விளையாட்டு அரங்குகளில் நடக்கும் பெரிய ராக் நிகழ்ச்சிகளுக்கு 50,000 பேருக்கு மேல் வருவது வழக்கம். அங்கே பின்வரிசையில் இருப்பவர் கலைஞரைத் திரையில்தான் பார்க்க முடியும். பொம்பெயியில் மிகத் தொலைவில் நின்றவருக்கும் மேடைக்கும் இடையே சில பத்து மீட்டர் தூரமே இருந்தது. கிதாரின் கழுத்தில் விரல்கள் நகர்வதை வெறும் கண்ணால் பார்க்கக்கூடிய தூரம் அது. கூரை இல்லாததால் ஒலி மேலெழுந்து கலைந்துவிடும். மூடிய மண்டபங்களில் போல ஓசைகள் ஒன்றன்மேல் ஒன்று மோதிக் குழம்புவது திறந்தவெளியில் குறைவு. மெதுவாக நீண்டு ஒலிக்கும் சுரங்களை நம்பியிருக்கும் கில்மோரின் வாசிப்புக்கு இது ஏற்றது.

இருள் சூழத் தொடங்கும் வேளையில் "5 ஏ.எம்." என்ற பாடல் வரிகளற்ற சிறு இசைக்கோவையுடன் நிகழ்ச்சி தொடங்கியது. ஒரு பாடலும் இல்லாமல், கிதார் மட்டுமே முதலில் பேசியது. மேடையின் பின்னே பிங்க் ஃபிளாய்ட் நிகழ்ச்சிகளின் அடையாளமான பெரிய வட்டத்திரை இருந்தது. லேசர் ஒளிக்கற்றைகளும் வாணவேடிக்கையும் அரங்கின் மேல்விளிம்பைச் சுற்றி எழுந்த தீச்சுடர்களும் பயன்படுத்தப்பட்டன. வெசுவியசு மலை நிற்கும் ஊரில், எரிமலையால் புதைந்த அரங்கின் விளிம்பில் தீயைக் கண்டதை அன்று வந்தவர்கள் எளிதில் மறக்க இயலாது.

இசைக்குழு

கில்மோருடன் பின்வருவோர் வாசித்தனர்:

கிதார்: செஸ்டர் கேமன்
பேஸ் கிதார்: கை பிராட்
விசைப்பலகை: கிரெக் ஃபிலிங்கேன்ஸ், சக் லெவெல்
டிரம்ஸ்: ஸ்டீவ் டிஸ்டானிஸ்லாவோ
சாக்சபோன்: ஜோவாவோ மெல்லோ
பின்னணிக் குரல்: பிரையன் சேம்பர்ஸ், லூசிட்டா ஜூல்ஸ், லூயிஸ் கிளேர் மார்ஷல்

கை பிராட் 1980-களின் இறுதியிலிருந்து பிங்க் ஃபிளாய்டுடனும் கில்மோருடனும் வாசித்து வருபவர். ஃபிலிங்கேன்ஸ் மைக்கேல் ஜாக்சனுடனும், லெவெல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுடனும் நெடுங்காலம் பணியாற்றியவர்கள். ரைட் ஒருவர் வாசித்த இடத்தில் இப்போது விசைப்பலகைக்கு இருவர் இருந்தனர்.

பாடல்களும் அவற்றின் பொருத்தமும்

நிகழ்ச்சி இடைவேளையுடன் இரண்டு பகுதிகளாக நடந்தது. புதிய தொகுப்பின் பாடல்களும் பிங்க் ஃபிளாய்ட் காலத்துப் பாடல்களும் கலந்து வந்தன. அவற்றுள் சில, இந்த இடத்துடனும் இந்த நாளுடனும் நேரடித் தொடர்புடையவை.

"ஒன் ஆஃப் தீஸ் டேஸ்": 1971-இல் இங்கே பதிவான மூன்றில் 2016-இல் மீண்டும் ஒலித்தது இது ஒன்றே. எதிரொலிக் கருவியின் வழியே துடிக்கும் பேஸ் கிதாரும், மடியில் கிடத்தி உலோகத் துண்டால் வழுக்கி வாசிக்கும் கிதாரும் இதன் உயிர்நாடி. பழைய படத்தில் இந்தப் பகுதியில் பெரும்பாலும் நிக் மேசன் டிரம்ஸ் வாசிப்பதே தெரியும். மற்றவர்களைக் காட்டிய படச்சுருள்களில் பல தொலைந்துபோனதே அதற்குக் காரணம். நடுவில் அவர் கையிலிருந்து ஒரு குச்சி நழுவ, தாளம் தவறாமல் வேறொன்றை எடுத்துக்கொள்வதும் அதில் பதிவாகியுள்ளது. 2016-இல் இது இரண்டாம் பகுதியின் தொடக்கமாக வந்தது.

"த கிரேட் கிக் இன் த ஸ்கை": ரிச்சர்ட் ரைட் இயற்றியது. சொற்களே இல்லாமல் குரல் மட்டும் உயர்ந்து தாழும் இப்படைப்பு இறப்பைப் பற்றியது. 1973 பதிவில் கிளேர் டோரி என்ற பாடகி தனியாகப் பாடினார். கில்மோர் தம் தனி நிகழ்ச்சிகளில் இதை அரிதாகவே சேர்ப்பார். பொம்பெயியில் பின்னணிப் பாடகர்கள் மூவரும் பகிர்ந்து பாடினர்.

"எ போட் லைஸ் வெய்ட்டிங்": ரைட்டின் நினைவாகக் கில்மோர் உருவாக்கிய பாடல். வரிகளை எழுதியவர் அவரது மனைவியும் எழுத்தாளருமான பாலி சாம்சன். கடற்பயணத்தில் பெருவிருப்பம் கொண்டவர் ரைட். படகு என்னும் உருவகம் அதிலிருந்து வந்தது. இசைத்தொகுப்பில் உள்ள வடிவத்தில் ரைட்டின் பேச்சுக்குரலும் கேட்கும்.

"ஷைன் ஆன் யூ கிரேசி டைமண்ட்", "விஷ் யூ வேர் ஹியர்": 1975-இல் வெளிவந்த இவ்விரண்டும் சிட் பாரெட்டை எண்ணி எழுந்தவை என்று அறியப்படுபவை. முதல் இரவு நிகழ்ந்த 2016 ஜூலை 7, பாரெட் இறந்து சரியாகப் பத்து ஆண்டுகள் நிறைந்த நாள்.

இறுதியாக வந்த "கம்ஃபர்டப்ளி நம்ப்" பாடலில், முன்பு வாட்டர்ஸ் பாடிய பகுதியைச் சக் லெவெல் பாடினார். முடிவில் வரும் நீண்ட கிதார் தனிவாசிப்புடன் லேசர் ஒளிக்கற்றைகள் அரங்கை நிறைத்தன.

"எக்கோஸ்" ஏன் இசைக்கப்படவில்லை

1971 படத்தைப் பார்த்தவர்கள் பொம்பெயி என்றதும் முதலில் நினைப்பது "எக்கோஸ்" படைப்பைத்தான். படம் அதில் தொடங்கி அதில் முடிகிறது. ஆனால் 2016-இல் இரண்டு இரவுகளிலும் அது இசைக்கப்படவில்லை.

இதற்கான விளக்கத்தைக் கில்மோரே நேர்காணலில் தந்துள்ளார். பொம்பெயியில் "எக்கோஸ்" வாசிப்பது இனிமையாக இருக்கும் என்றாலும், ரைட் இல்லாமல் அதைச் செய்யமாட்டேன் என்பது அவர் சொன்னதன் சாரம். அதில் இருவரும் வாசிக்கும் முறை இருவருக்கே உரியது என்றும், அதை வேறொருவர் கற்றுக்கொண்டு செய்வதில் பொருளில்லை என்றும் அவர் கருதினார்.

படைப்பின் அமைப்பைப் பார்த்தால் இக்கருத்து தெளிவாகும். தொடக்கத்தில் ரைட் பியானோவில் ஒரே ஒரு சுரத்தைச் சொட்டு விழுவதுபோல் விட்டுவிட்டு ஒலிக்கிறார். கிதார் அதற்குப் பதில் சொல்லியபடி நுழைகிறது. பாடும் இடங்களில் கில்மோரின் குரலும் ரைட்டின் குரலும் பிரித்தறிய முடியாதபடி இணைந்து வருகின்றன. நடுப்பகுதியில் ஆர்கனும் கிதாரும் ஒன்றையொன்று கேட்டு அந்தந்த நேரத்தில் உருவாக்கிக்கொள்ளும் நீண்ட உரையாடல் இருக்கிறது. எழுதி வைத்த சுரங்களை மட்டும் நம்பிய படைப்பு என்றால் வேறொரு திறமையான கலைஞர் அந்த இடத்தை நிரப்பிவிடலாம். இரண்டு பேர் பல ஆண்டுகள் சேர்ந்து வாசித்ததால் வந்த பழக்கம் அப்படிக் கைமாறுவதில்லை.

மற்ற பாடல்களில் ரைட்டின் பகுதிகளைப் பிறர் வாசிக்க கில்மோர் இசைந்தார் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். ரைட் இயற்றிய பாடலை இசைத்தார். ரைட்டுக்காக இயற்றிய பாடலை இசைத்தார். ரைட்டுடன் இசைத்ததை மட்டும் விட்டுவிட்டார்.

கிதாரும் வாசிப்பு முறையும்

இந்நிகழ்ச்சியில் கில்மோர் பயன்படுத்திய கிதார்களுள் முதன்மையானது "பிளாக் ஸ்ட்ராட்" என்று அழைக்கப்படும் கருநிற ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். 1970-இல் நியூயார்க் நகரின் மேனிஸ் கடையில் வாங்கிய அந்தக் கருவியைப் பல ஆண்டுகளில் அவர் மீண்டும் மீண்டும் பிரித்து மாற்றியமைத்தார். 1970-களின் முக்கியமான பிங்க் ஃபிளாய்ட் பதிவுகளில் ஒலிப்பது அதுவே.

கில்மோர் விரைவாக வாசிப்பதற்குப் பெயர்பெற்றவர் அல்லர். ஒரு தந்தியை இடக்கை விரலால் பக்கவாட்டில் இழுத்து, ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் சென்று, அங்கே நிறுத்தி மெல்ல அதிர விடுவது அவர் பாணி. வலக்கையால் கிதாரின் அதிர்வுக் கம்பியை அசைத்தும் சுரத்தை நடுங்கச் செய்வார். ஒலியைத் திரித்து நீட்டிக்கும் கருவியும் எதிரொலிக் கருவியும் சேர்வதால், ஒரே சுரம் பல நொடிகள் தொய்யாமல் நிற்கும். சுரங்களுக்கு இடையே அவர் விடும் இடைவெளியும் வாசிப்பின் பகுதியாகிறது.

வயது முதிர்ந்த கலைஞருக்கு இந்தப் பாணி கைகொடுக்கிறது. விரல் வேகம் குறைந்தாலும், சுரத்தை எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்ற தேர்வு கூர்மையாகவே இருக்கும். குரலின் நிலை வேறு. எழுபது வயதில் கில்மோரின் குரலில் கரகரப்பு கூடியிருந்தது. உச்சப் பகுதிகளைப் பின்னணிப் பாடகர்களுடன் பகிர்ந்துகொண்டார். 1971 படத்தையும் 2016 பதிவையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர் குரலில் அரை நூற்றாண்டின் மாற்றத்தைக் கேட்கலாம். கிதாரின் ஒலியில் அவ்வளவு மாற்றம் தெரியாது.

மரியாதைகளும் கண்காட்சியும்

நிகழ்ச்சியை ஒட்டி பொம்பெயி நகராட்சி கில்மோருக்குக் கௌரவக் குடியுரிமை வழங்கியது. வட்டரங்கின் படிகளுக்கு அடியில் செல்லும் நடைவழியில், 1971 படப்பிடிப்பின் நிழற்படங்களைக் கொண்ட கண்காட்சியும் அமைக்கப்பட்டது. அதை உருவாக்கியவர் அன்று படத்தை இயக்கிய ஏட்ரியன் மேபன்.

தொல்லியல் களத்தில் இசைநிகழ்ச்சி நடத்துவது எளிதில் எடுக்கக்கூடிய முடிவன்று. 2010 நவம்பரில் பொம்பெயியின் "வாள்வீரர் இல்லம்" எனப்படும் கட்டடம் இடிந்து விழுந்தது, அக்களத்தின் பராமரிப்புக் குறைகளை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. அதன் பின் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் பெரிய அளவில் சீரமைப்புப் பணிகள் நடந்தன. அப்பணிகள் நடந்துவந்த காலத்திலேயே 2016 நிகழ்ச்சி இடம்பெற்றது.

பதிவும் வெளியீடும்

நிகழ்ச்சியைக் கேவின் எல்டர் படமாக்கினார். "லைவ் அட் பொம்பெயி" என்ற பெயரில் அது 2017 செப்டம்பர் 13 அன்று பல நாடுகளின் திரையரங்குகளில் ஒரே நாளில் காட்டப்பட்டது. இசைத்தொகுப்பாகவும் வீடியோவாகவும் செப்டம்பர் 29 அன்று வெளிவந்தது. இதே போன்ற பெயரைக் கொண்ட 1972 படத்துடன் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்தப் பழைய படம் புதுப்பிக்கப்பட்டு, ஸ்டீவன் வில்சன் புதிதாகக் கலவை செய்த ஒலியுடன் 2025-இல் மீண்டும் வெளியிடப்பட்டது.

பின்னர் நடந்தவை

கில்மோர் வாசித்த சில நாட்களிலேயே எல்டன் ஜான் இதே வட்டரங்கில் நிகழ்ச்சி நடத்தினார். 2018-இல் கிங் கிரிம்சன் குழு வாசித்தது. 2023 ஜூலையில் நிக் மேசன், பிங்க் ஃபிளாய்டின் தொடக்ககாலப் பாடல்களை இசைக்கும் தம் குழுவுடன் இங்கே திரும்பினார். அவருடைய அந்தச் சுற்றுப்பயணத்தின் பாடல் பட்டியலில் "எக்கோஸ்" இருந்தது. 1971-இன் நால்வரில் இவ்வாறு இருவர் வெவ்வேறு ஆண்டுகளில் மக்கள் முன் இந்த அரங்கில் வாசித்துள்ளனர்.

பொம்பெயியில் ஒலித்த பிளாக் ஸ்ட்ராட் இன்று கில்மோரிடம் இல்லை. 2019 ஜூன் 20 அன்று நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் அவர் தம் கிதார்களில் பெரும்பாலானவற்றை விற்றார். பிளாக் ஸ்ட்ராட் 39,75,000 அமெரிக்க டாலருக்குப் போனது. அதுவரை எந்தக் கிதாரும் ஏலத்தில் அவ்வளவு விலை பெற்றதில்லை. ஏலத்தின் மொத்த வருவாய் 2 கோடி டாலரைத் தாண்டியது. அந்தத் தொகையைக் காலநிலை மாற்றத்துக்கு எதிராகச் சட்டவழியில் போராடும் கிளையண்ட் எர்த் அமைப்புக்கு வழங்கினார்.

2024 செப்டம்பரில் "லக் அண்ட் ஸ்ட்ரேஞ்ச்" என்ற தொகுப்பை வெளியிட்ட கில்மோர், அதே மாத இறுதி முதல் தம் 78-ஆம் வயதில் உரோமின் சிர்கோ மாசிமோவில் ஆறு இரவுகள் வாசித்தார். தொகுப்பின் தலைப்புப் பாடலில், 2007-இல் நடந்த ஒரு கூட்டு வாசிப்பின்போது பதிவான ரிச்சர்ட் ரைட்டின் விசைப்பலகை இசை இடம்பெற்றுள்ளது.